கண்ணாடியைக் கழற்றிய பிறகு கை என்ன செய்கிறது?

வாசகர் கேள்வி: என் மகளுக்கு 14 வயது. சிறு வயதிலிருந்தே பேட்மிண்டன் ஆடுகிறாள். சில வாரங்களாக அவளுடைய பயிற்சியாளர் ஒரு ஸ்ட்ரோப் கண்ணாடியைக் கொடுத்து, அதை அணிந்து ஆடச் சொல்கிறார். அதன் வில்லைகள் மாறி மாறி இருண்டு தெளிகின்றன. பார்வை விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது. அதை அணிந்தால் எளிதாக வரும் ஷட்டிலைக்கூடத் தவறவிடுகிறாள். சில நாள் அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். ஆனால் கழற்றியவுடன், "ஷட்டில் மெதுவாக வருவதுபோல் இருக்கிறது அம்மா" என்கிறாள். அடுத்த போட்டி வரைக்கும் முழுப் பயிற்சியையும் இந்தக் கண்ணாடியுடனே நடத்தலாம் என்கிறார் பயிற்சியாளர். இதனால் ஆட்டம் உண்மையிலேயே முன்னேறுமா? கண்ணுக்குக் கெடுதல் உண்டா? என் தம்பிக்கு வலிப்பு நோய் இருப்பதால் எனக்குக் கூடுதல் பயம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வலிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. மினுங்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கு இந்த ஒளிக்கூச்ச வகை இருக்கிறது. அது பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் முதன்முதலில் வெளிப்படுகிறது. அதற்கு மரபுத் தொடர்பும் உண்டு. நொடிக்கு 3 முதல் 30 முறை வரையிலான மினுக்கலே பொதுவாக ஆபத்தானது. இந்தக் கண்ணாடிகளின் வேகமான நிலைகள் அந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன. உங்கள் மகளுக்கு இதுவரை ஒன்றும் நேரவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனாலும் தாய்மாமனுக்கு நோய் இருக்கும்போது, நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்காமல் இனி ஒரு நாள்கூட அவள் அதை அணிய வேண்டாம். பயிற்சியாளரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். அவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அவரிடம் பயிலும் மற்றப் பிள்ளைகளின் வீட்டிலும் அவர் இதைக் கேட்டாக வேண்டும். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருபவர்களுக்கும், அண்மையில் தலையில் அடிபட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருத்துவர் அனுமதி கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த அனுமதி கிடைத்த பிறகு உங்களுக்குப் பயன்படுவது.

இந்தக் கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பால் மில்கிராம் 1987இல் விவரித்த திரவப் படிக வில்லைக் கண்ணாடி ஒன்றிலிருந்து இது வளர்ந்தது. மனிதர் ஒரு பொருளைப் பிடிக்கவோ தொடவோ போகும்போது, எந்தக் கணத்தில் பார்வையை மறைத்தால் கை தடுமாறுகிறது என்று கண்டறிய ஆய்வகங்களில் அது பயன்பட்டது. பார்வை எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்று அளக்கும் கருவியாக இருந்தது, பிறகு பயிற்சிக் கருவியாக மாறியது. பல ஆய்வுகளில் பயன்பட்ட ஒரு வகைக் கண்ணாடியில் வில்லை ஒவ்வொரு முறையும் 100 மில்லிவிநாடி, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, தெளிவாக இருக்கும். இருண்டிருக்கும் நேரத்தை மட்டும் 67 மில்லிவிநாடியிலிருந்து 900 மில்லிவிநாடி வரை மாற்றிக்கொள்ளலாம். அதாவது எளிய நிலையில் நொடிக்கு 6 பார்வைகள் கிடைக்கும், கடின நிலையில் ஒன்றே ஒன்று.

இதன் பின்னாலுள்ள எண்ணம் நியாயமானது. கண் பார்த்ததைக் கொண்டு கையின் போக்கைத் திருத்த நமக்கு ஏறக்குறைய 100 முதல் 200 மில்லிவிநாடி தேவைப்படுகிறது. வேகமான ஆட்டத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஸ்மாஷை, அதாவது மேலிருந்து கீழ்நோக்கி வேகமாக அடிக்கப்படும் அடியைத் தடுப்பவர் ஷட்டிலைக் கடைசி வரை பார்த்துக்கொண்டே அடிப்பதாகத் தோன்றினாலும், எதிராளியின் தோள், மணிக்கட்டு, மட்டையின் சாய்வு, பறத்தலின் முதல் பகுதி இவற்றைக் கொண்டு முன்கூட்டியே முடிவெடுத்துத்தான் மட்டையைக் கொண்டு செல்கிறார். பார்வையைத் துண்டு துண்டாகக் கொடுத்தால், கிடைக்கிற ஒவ்வொரு துண்டிலிருந்தும் பயனுள்ளதைப் பிழிந்தெடுக்கவும், இடைவெளியை ஊகத்தால் நிரப்பவும், கை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் அல்லாமல் தசையின் உணர்வால் அறியவும் மூளை கட்டாயப்படுத்தப்படும் என்பதே எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு நியாயமானது என்பதால் மட்டும் பலன் கிடைத்துவிடாது. இங்கேதான் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு அடையாளங்களையும் நான் ஒதுக்கி வைக்கச் சொல்லப்போகிறேன். கண்ணாடியுடன் அவள் தடுமாறுகிறாள் என்பது பயிற்சி தோற்கிறது என்பதற்குச் சான்று அல்ல. கழற்றியதும் ஷட்டில் மெதுவாக வருகிறது என்பது பயிற்சி வெல்கிறது என்பதற்கும் சான்று அல்ல. இரண்டுமே அந்த நேரத்து ஆட்டத்தின் செய்திகள். கற்றல் என்பது நாள்கள் கழிந்த பிறகும் எஞ்சி நிற்பது.

இந்த வேறுபாடு பெற்றோருக்கு மட்டுமல்ல, அனுபவமுள்ள பயிற்சியாளர்களுக்கும் நழுவிப்போகிற ஒன்று. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவர், இயக்கத் திறன் கற்றல் பற்றிய அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் "இவ்வளவு பிசகியது" என்று உடனுக்குடன் முடிவைச் சொல்லிக்கொண்டே வந்தால் பயிற்சியின்போது செயல்பாடு அழகாக இருக்கிறது; அந்த உதவியை நிறுத்திவிட்டுச் சோதித்தால் சரிந்துவிடுகிறது. உதவியைக் குறைத்து வழங்கியபோது பயிற்சி கரடுமுரடாக இருந்தது, ஆனால் பிந்தைய சோதனையில் திறன் நன்றாக நின்றது. 1990இல் வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் செய்த சோதனைகளிலும், பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவு அறிவிக்கப்பட்டவர்களே பிறகு நடந்த சோதனையில் மேலாக நின்றார்கள். எப்போதும் கிடைக்கும் உதவியின் மேல் நாம் சாய்ந்துவிடுகிறோம் என்பதுதான் விளக்கம். பார்வையை இடையிடையே மறைக்கும் பயிற்சிக்கு ஆதரவாக இதை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. முடிவை வாயால் அறிவிப்பதும், ஷட்டில் பறந்து வருவதைக் கண்ணால் காண்பதும் ஒரே வகையான உதவி அல்ல என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிவு அறிவிப்பை நிறுத்தினாலும் செயலைச் செய்ய முடியும். பந்து எங்கே வருகிறது என்ற செய்தியோ செயலுக்கே மூலப்பொருள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆய்வுத் தொடர் நிற்கிறது. முழுப் பயிற்சியையும் கண்ணாடியுடன் நடத்த நினைக்கும் பயிற்சியாளர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1987இல் லூக் ப்ரோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் இலக்கைக் கையால் தொடும் ஒரு பணியைச் சிலருக்கு 200 முறையும் சிலருக்கு 2000 முறையும் பார்வையுடன் பழக்கினார்கள். பிறகு பார்வையை மறைத்தபோது அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 2000 முறை பழகியவர்களே. பழகப் பழக நாம் புலன்களை விட்டு விடுதலையாவதில்லை. எந்தப் புலன் துணையுடன் பழகுகிறோமோ அதோடு மேலும் இறுகப் பிணைந்துகொள்கிறோம் என்பதை இது காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகளில் இதன் மறுபக்கமும் தெரிந்தது: பார்வை இல்லாமல் நெடுநாள் பழகியவர்களுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தபோதும் செயல் கெட்டது. உங்கள் மகள் போட்டியில் முழுப் பார்வையுடன்தான் ஆடப்போகிறாள். அப்படியானால் அவளுடைய பயிற்சியின் பெரும்பகுதியும் முழுப் பார்வையுடன்தான் நடக்க வேண்டும். இதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை.

அடுத்து, எந்த நிலையில் கண்ணாடியை வைக்கிறார் என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். இது சின்ன விவரம்போல் தெரியும். உண்மையில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. 1990களில் டிக்பி எலியட்டும் மில்கிராமும் மற்றொருவரும் பந்து பிடிப்பவர்களுக்கு 20 மில்லிவிநாடி நீளமுள்ள துணுக்குப் பார்வைகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இருள் இடைவெளி ஏறத்தாழ 80 மில்லிவிநாடிக்குள் இருந்தவரை மனிதர்கள் ஓரளவு நன்றாகவே பிடித்தார்கள். இடைவெளி நீண்டபோது தவறுகள் பெருகின. பார்வைத் துணுக்கு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைவிட, இரண்டு துணுக்குகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் இருளாக இருக்கிறது என்பதே முக்கியமாக இருந்தது. இதை உங்கள் மகளின் கண்ணாடிக்குப் பொருத்திப் பாருங்கள். 67 மில்லிவிநாடி இருளை மூளை பெரிய சிரமமின்றித் தாண்டிவிடும். அந்த நிலையில் அவள் புதிதாக எதையும் செய்யக் கட்டாயப்படவில்லை. மறுமுனையில் 900 மில்லிவிநாடி இருளை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமான ஸ்மாஷ் ஒன்று எதிராளியின் மட்டையிலிருந்து தடுப்பவரை வந்தடைய அரை விநாடிகூட ஆவதில்லை. அப்படியென்றால் சில ஸ்மாஷ்களின் முழுப் பறத்தலும் ஒரே இருளுக்குள் முடிந்துபோகும். அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எதிராளி அடிக்கும் கணம் தெளிவில் விழுந்தால் பயன் உண்டு. இருளில் விழுந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். குழந்தை அழுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எளிதாக வரும் ஷட்டிலையும் தவறவிடுகிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நிலை அவளுக்கு மீறியதாக வைக்கப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

"மெதுவாக வருகிறது" என்கிற உணர்வைப் பற்றி. அவள் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. 2012இல் ஸ்மித், மிட்ராஃப் என்ற இருவர், ஐந்து முதல் ஏழு நிமிடம் மட்டுமே ஸ்ட்ரோப் கண்ணாடியுடன் பயின்றவர்களைச் சோதித்தார்கள். நகர்ந்து வரும் ஒளி ஒரு புள்ளியை எட்டும் நேரத்தைச் சரியாகக் கணித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். பயிற்சி முடிந்த உடனே அவர்களுடைய துல்லியம் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. கூடவே, தாமதமாக அழுத்துவதைவிடச் சற்று முந்தி அழுத்தும் போக்கும் பத்து நிமிடம் கழித்தும் நீடித்தது. மறுநாள் சோதித்தபோது அந்த மேம்பாடு தெரியவில்லை. எனவே கழற்றியவுடன் வரும் அந்த இனிய உணர்வு, கண் புதிய நிலைக்கு மாறுகிற இடைக்காலத்தின் விளைவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன் உடலைச் சூடாக்கும்போது கண்ணாடி அணிந்துவிட்டுக் களத்தில் இறங்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். நேரக்கணிப்பு முந்தி நகர்ந்திருக்கும் கையோடு போட்டியைத் தொடங்குவது நல்லதல்ல.

நீடித்த பலனுக்குச் சான்றே இல்லையா? இருக்கிறது; அளவோடு இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஆப்பெல்பாம், மிட்ராஃப் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு நடுப்பார்வையில் அசைவை உணரும் கூர்மை கூடியது. ஒரே நேரத்தில் பல பொருள்களைத் தொடர்ந்து கவனிக்கும் திறன் கூடவில்லை. அதே குழுவின் 2012 ஆய்வில், குறுகிய நேரம் காட்டப்பட்டதை நினைவில் கொள்ளும் திறன் கூடியது. அது 24 மணி நேரம் கழித்தும் நின்றது. இவை கணினித் திரையில் அளந்தவை. களத்துக்கு வந்தால் சான்று மெலிகிறது. தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் கண்ணாடி அணிந்து பயின்றவர்களின் ஆட்டத் திறன் அளவீடு 18 சதவீதம் உயர்ந்தது என்ற செய்தி விளம்பரங்களில் அடிக்கடி வருகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 11 பேர். அதைச் செய்தவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். உங்களுக்கு நெருக்கமானது 2019இல் ஹூல்ஸ்டுங்கர் குழுவினர் உயர்நிலைப் பேட்மிண்டன் ஆட்டக்காரர்களிடம் நடத்திய நான்கு வார ஆய்வு: கண்ணாடியுடன் பயின்றவர்கள் ஸ்மாஷைத் தடுப்பதில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் இதுவும் சிறிய குழு. மறுபக்கம், 2015இல் வில்கின்ஸ், கிரே இருவரும் டென்னிஸ் பந்து பிடிப்பதில் நடத்திய ஆய்வில் குழுக்களுக்கிடையே தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. மாத்திரை ஆய்வில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதை மறைத்துவிடலாம். இருண்டு தெளியும் கண்ணாடியை அணிந்திருப்பவருக்கு அதை எப்படி மறைப்பது? புதுக் கருவி கிடைத்த உற்சாகமும், கூடுதல் கவனமும், தனக்குச் சிறப்புப் பயிற்சி கிடைக்கிறது என்ற தன்னம்பிக்கையும் முடிவில் கலந்துவிடுகின்றன. பலன் முழுவதும் அதனால்தான் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு பங்கு அதனால் என்று பிரித்தறிவது கடினம் என்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மருத்துவர் சம்மதித்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்கு மிகாமல், பயிற்சியின் தொடக்கத்தில் அவள் களைப்படைவதற்கு முன் கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. பயிற்சியாளரே ஷட்டில் போட்டுத்தர, அவள் ஒரே வகையான அடியை மட்டும் ஆடட்டும். பத்தில் ஆறேழு முறையாவது சரியாக அடிக்க முடிகிற நிலையில் கண்ணாடியை வைத்து, அது எளிதானதும் ஒரு படி ஏற்றலாம். பத்தில் எட்டைத் தவறவிடுகிற நிலையில் திறன் வளராது, துவண்டுபோவாள், அவ்வளவுதான். முடிந்த உடனே அதே அடியை முழுப் பார்வையுடன் குறைந்தது அதே அளவு நேரம் ஆட வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். விட்டு விட்டுக் கிடைத்த பார்வையில் பழகியதை முழுப் பார்வையோடு சேர்த்துத் தைப்பது அங்கேதான் நடக்கிறது. என்னைக் கேட்டால் முதல் பகுதியைவிட அதுவே முக்கியம். போட்டிக்கு முந்தைய வாரம் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

களத்தில் இன்னும் சிலர் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும்போதோ, வலைக்கு மிக அருகே நின்று வேகமாக அடிக்கும்போதோ அதை அணியக் கூடாது. ஷட்டில் கண்ணில் பட்டால் கடுமையான காயம் உண்டாகும். மோதலைத் தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடி என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லாத எதையும் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். மற்றபடி, வில்லை இருள்வதால் ஆரோக்கியமான கண்ணுக்குச் சேதம் வராது. தலைவலி, குமட்டல், கண் சோர்வு ஏற்பட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கூடவே ஒன்று: அவளுக்குக் கண் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? 14 வயதில் கிட்டப்பார்வை சத்தமில்லாமல் கூடும். சரியான எண்ணுள்ள கண்ணாடி தரும் முன்னேற்றத்தை எந்த ஸ்ட்ரோப் கண்ணாடியும் தராது.

கருவி இல்லாமலும் இதே நோக்கத்தை எட்டலாம். வலையின் மேல் துணியைத் தொங்கவிட்டு எதிராளியின் மட்டையையும் ஷட்டிலின் தொடக்கத்தையும் மறைப்பது ஒரு வழி. முதுகைக் காட்டி நிற்கவைத்து, ஷட்டில் அடிக்கப்படும் கணத்தில் குரல் கொடுத்துத் திரும்பச் செய்வது இன்னொன்று. இவற்றில் பறத்தலின் எந்தப் பகுதி மறைய வேண்டும் என்பதைப் பயிற்சியாளரே முடிவு செய்கிறார். ஸ்ட்ரோப் கண்ணாடியிலோ மறைவது தற்செயலாக விழுகிறது. 2005இல் ஔடேயான்ஸ் குழுவினர் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு, பந்தை விடுவதற்கு முந்தைய கடைசி ஏறத்தாழ 350 மில்லிவிநாடி மட்டும் கூடை தெரியும்படி பழக்கினார்கள்; ஆட்டத்தில் அவர்களுடைய எறிதல் மேம்பட்டது. எப்போது பார்ப்பது பயன்தரும் என்று முதலில் கண்டறிந்து, அந்தக் கணத்துக்கு மட்டும் கண்ணைத் திறந்துவிட்ட பயிற்சி அது. ஸ்மாஷைத் தடுப்பதற்கு அந்தக் கணம் எதிராளியின் மட்டை ஷட்டிலைத் தொடும் வேளையைச் சுற்றி இருக்கிறது. உங்கள் பயிற்சியாளர் இதைப் படித்தால் மகிழ்வேன்.

கண்ணாடி உதவுகிறதா என்று நீங்களே அறிய ஒரு வழி இருக்கிறது. மருத்துவரின் பதில் வரும்வரை அவள் கண்ணாடி அணியப்போவதில்லை அல்லவா? அந்த இடைவெளியில், ஒருவர் ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் முப்பது ஸ்மாஷ் அடிக்க, அவள் எத்தனையைத் திருப்பி அனுப்புகிறாள் என்று எண்ணி எழுதிவையுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள். மருத்துவர் சம்மதித்து, அவள் நான்கு வாரம் கண்ணாடியுடன் பயின்ற பிறகு, கடைசியாக அதை அணிந்து குறைந்தது இரண்டு நாள் கழித்து, அதே ஆள் அதே முப்பதை அடிக்கட்டும். முடிந்தால் அதே நான்கு வாரம் அந்தப் பத்து நிமிடத்தைச் சாதாரணத் தடுப்புப் பயிற்சிக்குச் செலவிட்ட ஒரு தோழியையும் அதேபோல் எண்ணுங்கள். இருவரும் ஒரே அளவு முன்னேறியிருந்தால் கண்ணாடியால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். அதை உள்ளே வைத்துவிடலாம். உங்கள் மகள் தெளிவாக முந்தியிருந்தால் இன்னொரு நான்கு வாரம் தொடர்ந்து பார்க்கலாம்.

இந்த எண்ணும் வேலையை அவளிடமே கொடுங்கள். கண்ணாடியுடன் தவறவிட்டதை யாரும் எண்ணப்போவதில்லை, அது சோதனையே அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.